பழுப்புக் கோட்டில் இரண்டு துளைகள்

சண்முகம்,

நீ அனுப்பிய ரிஜிஸ்டர் தபால் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. கையெழுத்து வாங்கிய தபால்காரர், "மதுரையிலருந்து மவன் என்ன அனுப்பிருக்கான் அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆவணி பிறந்ததும் முதல் வெள்ளிக்கிழமை புளியங்குடியில் உனக்கு நிச்சயதார்த்தம் என்பது இந்தத் தெரு முழுக்கத் தெரியும். நானும் சிரித்துக்கொண்டுதான் கவரைப் பிரித்தேன். உள்ளே பஞ்சில் பொதிந்து ஒரு பேட்ஜ் இருந்தது. உன் கடிதத்தில் முதல் பக்கம் முடிவதற்குள் தேய்ப்பு மேஜையைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து, "என்ன, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். அது பொய். நான் சொன்ன பொய்கள் இந்தக் கடிதத்தில் இன்னும் வரும், ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். நீ இதைத் தனியாக உட்கார்ந்து படி.

இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். மரகதத்தின் அப்பா விட்டுப்போனது இந்தப் பேட்ஜ் ஒன்றுதான், அவர் பட்டாளத்தில் என்னவாக இருந்தார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, எங்கள் அப்பா பார்த்தால் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார் என்று அவளிடம் பெருமையடித்திருக்கிறாய். அது முதல் கேள்வி. குற்றாலத்தில் ஒரு லாண்டரிக்காரன் அவரைப் போலீசில் காட்டிக்கொடுத்தான், அவள் அம்மா பதினைந்து வருஷமாக அந்த ஆளைத் தேடுகிறார்கள், நீங்கள் அதே தொழிலில் இருப்பவர், கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள், கண்டுபிடித்துத் தருவதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அது இரண்டாவது. குற்றாலத்தில் நமக்கும் சீசன் கடை இருந்தது உனக்குத் தெரியும். அப்போது அங்கே ஏழெட்டுக் கடை இருந்தது உண்மைதான். அத்தனை பேரில் அந்த ஆள் உன் அப்பாவாக இருக்கலாம் என்று உனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை பார், திங்கட்கிழமையிலிருந்து அதை நினைத்து நினைத்துத்தான் நான் சோறு இறங்காமல் கிடக்கிறேன். அந்த ஆள் நான்தான், சண்முகம்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில் நான் அஸ்ஸாம் பக்கம் ஒரு முகாமில் பட்டாளத்துத் துணி வெளுத்தவன் என்பது உனக்குத் தெரியும். சட்டை தொட்டிக்குள் போவதற்கு முன்னால் அதிலுள்ள பேட்ஜ், பட்டன், ரிப்பன் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும், தேய்த்து முடித்ததும் அதனதன் இடத்தில் திரும்பக் குத்த வேண்டும். ஒரு பட்டாளத்தான் பேட்ஜை இன்னொருவன் தொப்பியில் குத்திவிட்டால் அடி விழும். அந்தப் பயத்தில் கற்றதுதான் எல்லாம். நீ சின்னப் பையனாக இருக்கும்போது என் கண்ணைத் துண்டால் கட்டி, சிகரெட் டப்பாவில் நான் சேர்த்து வைத்திருந்த பேட்ஜ்களை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைப்பாயே. தடவிப் பார்த்து இது கூர்க்காக்காரன், இது பீரங்கிக்காரன், இது லாரி ஓட்டுகிறவன் என்று சொல்வேன். நீ தெருவுக்கு ஓடிப்போய் எல்லாப் பயல்களையும் கூட்டி வருவாய். அந்தக் கைத்தட்டலில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

யாராவது உன்னிடம் ஒரு பழைய பேட்ஜைக் கொடுத்தால் முகத்தைப் பார்க்காதே, முதுகைத் திருப்பிப் பார். முன்பக்கம் எல்லாரும் பார்ப்பதற்காகச் செய்தது. பின்பக்கத்தில்தான் அது எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்பது தெரியும். தொப்பியில் குத்துவதற்கு வளையமாக இரண்டு காது வைத்திருப்பான், கோட்டில் குத்துவதற்கு ஊக்கு வைத்திருப்பான். அச்சில் அடித்தது என்றால் முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக இருக்கும், பிற்பாடு வார்த்தெடுத்த போலி வழுவழுவென்று இருக்கும். கிரீடம் இருந்தால் வெள்ளைக்காரன் காலம், சிங்கம் இருந்தால் நம் காலம். யுத்தம் முற்றிப் பித்தளைக்குப் பஞ்சம் வந்தபோது கருப்புப் பிளாஸ்டிக்கில்கூடப் பேட்ஜ் அடித்தார்கள். நீ அனுப்பியது பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது. நடுவில் கிரீடம், பின்னால் தடித்த ஊக்கு, அதற்கு மேலே ஒரு வரிசை எண். இது எந்தப் படைப்பிரிவின் அடையாளமும் இல்லை. காயம்பட்டோ நோய்ப்பட்டோ இனிமேல் சண்டைக்கு ஆகாது என்று வீட்டுக்கு அனுப்பியவர்களுக்குக் கொடுத்தது. வாட்டசாட்டமாக இருக்கிறான், சண்டைக்குப் பயந்து ஊர் சுற்றுகிறான் என்று யாரும் வாய்க்கு வந்தபடி பேசிவிடக் கூடாதென்று சாதாரணக் கோட்டில் குத்திக்கொள்ளக் கொடுத்த பேட்ஜ். எழுத்தெல்லாம் மழுங்கியிருக்கிறது. தினமும் பாலிஷ் போட்டுத் துடைத்திருக்கிறார். மரகதத்திடம் சொல், அவள் அப்பா நெஞ்சிலே காயத்தோடு மரியாதையாக அனுப்பப்பட்ட சிப்பாய்.

நெஞ்சிலே என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவர் இருமியதை நான் கேட்டிருக்கிறேன்.

சுதந்திரம் வந்து மூன்று வருஷம் இருக்கும். கொரியாவில் சண்டை நடக்கிறது என்று பேப்பரில் படித்துக்கொண்டிருந்தோம். ஆனி, ஆடியில் நான் தென்காசிக் கடையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் குற்றாலத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிடுவேன். லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு வெளுத்துத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். சாரலில் துணி காயாது, ஈரத்தோடு மூட்டை கட்டிப் பஸ் டாப்பில் ஏற்றி ஆலங்குளம் பக்கம் அனுப்பி, அங்கே வெயிலில் காயப்போட்டு மறுநாள் வாங்கிவர வேண்டும். அந்த வருஷம் அணுகுண்டு வேண்டாம், யுத்தம் வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிறவர்கள் ஊர் ஊராக வந்தார்கள். நெஞ்சில் சின்னதாக ஒரு வெள்ளைப் புறா பின் குத்தியிருப்பார்கள். யுத்தம் வேண்டாம் என்பதில் என்ன தப்பு என்று இன்று நீ கேட்பாய். அன்றைக்கு அந்தப் புறாவைக் கண்டால் போலீசுக்கு ஆகாது. தலைமறைவாக இருக்கும் கம்யூனிஸ்டுகளின் அடையாளம் என்று அவர்களுக்கு நினைப்பு. ஒரு மந்திரி அருவிக்கு வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் லாட்ஜுச் சுவரெல்லாம் யுத்தத்துக்கு எதிராக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்குப் போலீஸ் வந்து இறங்கியது. அருவிக்குக் குளிக்க வந்தவர்கள்கூடச் சத்தமாகப் பேசப் பயந்தார்கள்.

மந்திரி வருவதற்கு முந்திய நாள் காலையில், பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையா ஒருவர் தன் உடுப்பை வாங்கிப்போகக் கடைக்கு வந்தார். ஊறப்போட்ட தொட்டியின் அடியில் கிடைக்கும் சில்லறைச் சாமான்களை நான் ஒரு தகர மூடியில் போட்டு வைப்பேன். யாராவது கேட்டால் கொடுப்பது வழக்கம். பட்டன், ஊக்கு, ஒரு சிலுவை, அதற்கு நடுவே ஒரு வெள்ளைப் புறாவும் கிடந்தது. அவர் அதை விரலால் எடுத்தார். "என்னவே, இது எவன் துணியில இருந்துச்சு?" என்றார். தெரியாது என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை. அவர் சிரித்தார். "தெரியாதா? துணியில கெடக்க தொளையப் பாத்தே பேட்ஜு எங்கன இருந்துச்சு, எந்தப் பேட்ஜுன்னு சொல்லுவீராமே. ஊரே சொல்லுது. சும்மா கதைதானா?" கடையில் நாலைந்து பேர் துணிக்காகக் காத்திருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் நீ நம்புவாய், இரக்கப்படுவாய். ஆனால் அந்த நிமிஷம் எனக்குப் பயம் இல்லை. ரோஷம் வந்தது. "கதையா? இப்பம் பாரும்" என்று சொல்லிக் கம்பியில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

கோட்டுகளும் சட்டைகளும் மட்டும்தான் பார்த்தேன். பேட்ஜ் என்றால் ஆம்பளை நெஞ்சில் இருப்பது என்றுதான் என் பட்டாளத்துப் புத்திக்குத் தெரியும். வரிசையின் கடைசியில் ஒரு பழுப்பு நிற ட்ரில் துணிக் கோட்டு தொங்கியது. இடது காலர் மடிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை. புறாவின் ஊக்கை ஒரு துளையில் விட்டு மற்றொன்றில் வெளியே எடுத்தேன். புதுத் துளை போட வேண்டிய அவசியமே இல்லாமல் உட்கார்ந்தது. காத்திருந்தவர்களில் ஒருவர், "அடடா, அண்ணாச்சி கண்ணு கண்ணுதான்!" என்றார். ஏட்டையா என் தோளில் தட்டினார். கோட்டில் இருந்த சலவைக் குறியை வைத்து நோட்டில் பெயரைப் பார்த்துச் சொன்னதும் நான்தான். வேலாயுதம், டிரில் வாத்தியார், புளியங்குடி. ஆடி மாதம் உடம்புக்கு நல்லதென்று அருவியில் குளிக்க வந்து லாட்ஜில் தங்கியிருந்தார்.

மத்தியானம் கோட்டு வாங்க அவர் வந்தார். நெட்டையாக, நடக்கும்போதே முதுகு நேராக இருக்கும் மனுஷர். நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். ஏட்டையாவும் இரண்டு பேரும் எதிர்த்த டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார்கள். கோட்டில் குத்தியிருந்த புறாவைக் காட்டி, இது யாருடையது என்றார்கள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் போலீசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க பட்டாளத்துல இருந்தவருன்னு சொன்னீங்க. நான் துணி போடுததுக்கு முன்னாலயே என் பேட்ஜக் கழத்தி ஊருக்குக் குடுத்து விட்டுட்டேன். அது வட்டமா இருக்கும். கோட்டுல வட்டமாக் கறை இருந்துச்சே, நீங்கதான வெளுத்தீங்க? சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

சண்முகம், அந்தக் கறையை எடுத்தவன் நான். தினமும் பாலிஷ் போட்டுத் துடைக்கிற பித்தளை, துணியில் பச்சையும் கருப்புமாக ஒரு வளையம் விடும். இரண்டு நாளைக்கு முன்னால் அரை எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டு அந்த வட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். வேலை சுத்தமாக வந்துவிட்டது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். காலையில் ரோஷத்தில் அது ஞாபகம் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. அவர் கேட்ட நிமிஷத்தில் ஞாபகம் வந்தது. புறா வட்டம் இல்லை, பாலிஷ் போடுகிற பொருளும் இல்லை, மெல்லிய தகரத்தில் பெயின்ட் அடித்தது. அது அந்தக் கோட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் காலையில் நான் காட்டிய வித்தை தப்பு என்று அத்தனை பேர் முன்னால் ஆகும், அப்படியானால் புறா எவனுடையது என்று என்னையே இழுத்துக்கொண்டு போவார்கள். நான் தலையைக் குனிந்து இஸ்திரிப் பெட்டியின் கரியைக் கிளறினேன். அவர் விடவில்லை. "எம் பேட்ஜு வீட்டுல பெட்டிக்குள்ள இருக்கு. யாரையாவது அனுப்பி எடுத்துட்டு வந்து வச்சுப் பாருங்க. அது போதும்" என்றார். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புறாவை அவர்கள் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், கோட்டு என்னிடமே நின்றுவிட்டது.

இதோடு முடிந்திருந்தால்கூட, தெரியாமல் ஆரம்பித்த தப்பு என்று சொல்லலாம். மூன்றாம் நாள் ஒரு பெண் தன் வெள்ளைச் சேலைகளை வாங்க வந்தார். நர்ஸ் வேலை பார்க்கிற கிறிஸ்தவப் பெண், ஆலங்குளத்துக்காரி. சேலைகளை எண்ணி வைத்துக்கொண்டு, மெதுவாக, "அண்ணாச்சி, தோள்ல குத்துத புறா பின்னு ஒண்ணு சேலையோட வந்துச்சா? எங்க தம்பி பர்மாவுலயே போயிட்டான். இனி எவ தம்பியும் போகக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டேன், அதுக்குக் குடுத்தாங்க" என்றார். சேலைத்துணி மெல்லிசு, துவைத்தால் துளை மூடிக்கொள்ளும். நான் அவரைப் பார்த்து, "அப்பிடி ஒண்ணும் வரலையே தாயீ" என்றேன். பிற்பாடு பல வருஷம் நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தப் பெண்ணையும் போலீஸ் பிடிக்காமல் காப்பாற்றினேன் என்று. நம்பாதே. நான் காப்பாற்றியது என் கடையை. அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் நேரே ஸ்டேஷனுக்குப் போய் அது என்னுடையது என்று நின்றிருப்பார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அது தெரிந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

அந்த சீசனோடு குற்றாலக் கடையை மூடினேன். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று உங்களிடம் சொன்னேன். வேலாயுதம் வாத்தியாரை எட்டு மாதம் ஜெயிலில் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் நிரூபிக்க முடியாமல் விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. ஈரத் தரையில் படுத்தது அந்த நெஞ்சுக்கு ஆகவில்லை. இரண்டாம் வருஷம் போய்விட்டார் என்று எலுமிச்சை மூட்டை ஏற்றிவரும் ஒரு லாரிக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தச் செய்தி வந்த சில மாதத்தில் ஒரு அம்மா, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நம் தென்காசிக் கடைக்கு வந்தார்கள். "குத்தாலத்துல வேலாயுதம்னு ஒருத்தரு ஒரு பழுப்புக் கோட்டு போட்டாரு. எந்தக் கடைன்னு அவரு கடைசி வரைக்கும் சொல்லலை. ஒவ்வொரு கடையாக் கேட்டுட்டு வாரேன் அண்ணாச்சி" என்றார்கள். என் தலைக்கு மேலே பரணில் டிரங்குப் பெட்டிக்குள் அந்தக் கோட்டு இருந்தது. பழைய துணியெல்லாம் போய்விட்டதம்மா என்றேன். உன் அம்மா அந்தக் குழந்தைக்கு ஒரு கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள். அந்தக் குழந்தைதான் மரகதம். சம்பந்தம் பேச அவள் மாமா நம் வீட்டுக்கு வந்தபோது, புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடை என்றும், தகப்பன் இல்லாத பெண் என்றும்தான் சொன்னார், தகப்பன் பெயரை நான் கேட்கவில்லை. கேட்காமலிருந்தது தற்செயலா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அவர் ஏன் கடையின் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அவருக்கு என் கடை தெரியும், என் முகம் தெரியும். சொல்லியிருந்தால் அந்த அம்மா நேரே வந்து என் சட்டையைப் பிடித்திருப்பார்கள், நானும் என்றைக்கோ இந்தப் பாவத்தைத் தலைமுழுகியிருப்பேன். சொல்லாமல் போனது மன்னிப்பா, வெறுப்பா என்று பதின்மூன்று வருஷமாக யோசிக்கிறேன். மேஜைக்கு எதிரே நெட்டையாக யாராவது வந்து நின்று இருமினால் இன்றும் எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் கிடையாது.

ஒரு தீபாவளிக்கு முன்னால் நீ பரணில் ஏறி அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கை முழங்காலுக்குத் தொங்க, கண்ணாடி முன்னால் நின்று சல்யூட் அடித்தாய். நான் உன்னை அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் உன்மேல் நான் கை நீட்டியதில்லை. ஏன் அடித்தேன் என்று நீ கேட்டபோது, வாடிக்கைக்காரர் துணியைத் தொடக்கூடாது என்றேன். கண்ணாடியில் அந்தக் கோட்டுக்குள் உன் தலை தெரிந்ததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? இப்போது சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

அதற்குப் பிறகு ராணுவப் பேட்ஜ்களை நான் தொடுவதில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். ஆனால் மற்றதை உட்கார்ந்து படித்தேன், தண்டனை எழுதுகிற பையன் மாதிரி. யுத்தம் வேண்டாம் என்கிறவர்களின் பின்கள் எப்படி இருக்கும், புறா எத்தனை விதம், உடைந்த துப்பாக்கி போட்டது எப்படி இருக்கும் என்றெல்லாம் பார்த்த இடத்தில் பார்த்து வைத்தேன். அவற்றில் எண் இருக்காது, கிரீடம் இருக்காது, கம்பி ஊக்கு நாலு தடவை குத்தினால் வளைந்துவிடும். அவ்வளவு லேசான பொருள். போன வருஷம் அருவிக்கு வந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் நம் கடையில் வெளுக்கப் போட்ட சட்டையில், வட்டத்துக்குள் கோழிக்கால் மாதிரி கோடு போட்ட ஒன்று இருந்தது. அதுவும் அணுகுண்டுக்கு எதிரானதுதானாம், அவனே சொன்னான். கழற்றிக் கவரில் போட்டு, கையிலே கொடுத்தேன். இப்போது நம் கடையில் தகர மூடி கிடையாது. துணி போடுகிறவர் எதிரிலேயே பையைத் தடவிப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். யாருடையது என்று எவர் கேட்டாலும் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

நீயும் நாளைக்கு ஒரு ஆபீசில் பெரியவனாக உட்காருவாய். உன்னிடமும் ஒரு பொருளைக் காட்டி இது எவனுடையது என்று நாலு பேர் முன்னால் கேட்பார்கள். உனக்குத் தெரியும் என்று அவர்கள் புகழும்போதுதான் நீ பயப்பட வேண்டும். தெரியாது என்ற வார்த்தை கொஞ்சம் அவமானமாக இருக்கும், அதைச் சொல்லிவிடு. சொன்னது தப்பு என்று தெரிந்த அந்த நிமிஷத்திலேயே, கேட்டவர்கள் கலைந்து போவதற்குள், தப்பு என்று சொல்லிவிடு. அடுத்த நாளைக்குத் தள்ளினால் அப்புறம் அது வாயிலிருந்து வராது. எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

உன் அம்மாவுக்குக் கோட்டு விஷயம் ஆரம்பத்திலிருந்தே தெரியும். வருஷா வருஷம் வேப்பிலை மாற்றி வைக்கிறவள் அவள்தான். மரகதம் யாருடைய பெண் என்பதை மட்டும் நேற்றுத்தான் சொன்னேன். நான்தான் கோழைத்தனமாக, "அந்தம்மா என்னைப் பாத்தது ஒரே ஒரு தடவ. நிச்சயத்தன்னைக்கு உடம்பு சரியில்லன்னு நான் வராம இருந்துட்டா?" என்று இழுத்தேன். அவள் முறைத்த முறையை நீ பார்த்திருக்க வேண்டும். "அப்புறம் கல்யாணத்துக்கு? பேரப்பிள்ளைக்குப் பேரு வைக்கையில? அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வந்து ஒரு நா அந்தப் பெட்டியத் தொறந்து அவ அப்பன் கோட்டப் பாத்தா நான் என்ன சொல்லுவேன்? போய்ச் சொல்லிருங்க. கல்யாணம் நின்னா நிக்கட்டும்" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். உனக்குச் சம்பந்தம் பேசிய நாளிலிருந்து அவள் சேர்த்து வைத்திருக்கும் பாத்திரங்கள் எல்லாம் அவளைச் சுற்றி இருந்தன.

அது நிற்கலாம், சண்முகம். உன்னை ஏமாற்ற மாட்டேன். பதினைந்து வருஷம் தேடிய ஒரு தாய், தேடிய ஆளே சம்பந்தி என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மரகதம் உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் முகம் தெரியும். நீ என்னோடு பேசாமலே போகலாம். அதற்கும் நான் தயாராக இருக்கிறேன். நீ அவளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதே, அந்த ஆளைக் கண்டுபிடித்துத் தருவேன் என்று. அது பொய்யாகக் கூடாது.

இன்று காலை கடையைத் திறக்கவில்லை. டிரங்குப் பெட்டியை இறக்கிக் கோட்டை மேஜையில் விரித்தேன். நீ அனுப்பிய பேட்ஜை எடுத்துத் தடித்த ஊக்கைத் திறந்து முதல் துளையில் விட்டேன். இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன். புறா அன்றைக்குத் துளைக்குள் கொஞ்சம் ஆடியது. இறுக்கமாக உட்காரவில்லை என்பது அன்றைக்கே என் விரலுக்குத் தெரிந்திருந்தது, இன்றுதான் அதை ஒப்புக்கொள்கிறேன். இது ஆடவில்லை. வெயில் வெளிச்சத்தில் கோட்டைச் சாய்த்துப் பார்த்தால், நான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்த இடம் வட்டமாக வெளுத்திருக்கிறது. பேட்ஜ் அந்த வட்டத்தை அப்படியே மூடிக்கொண்டது. எடுத்து வந்து வைத்துப் பாருங்கள், அது போதும் என்று அவர் என்னிடம் கேட்டார். கேட்டது அந்த ஒன்றுதான்.

நாளை வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் புளியங்குடிக்குப் போகிறேன். கோட்டை மடித்துக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், பேட்ஜ் அதிலேயே இருக்கிறது. இந்தக் கடிதத்தை பஸ் ஸ்டாண்ட் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஏறுவேன். தந்தி அடித்தால் நீ ஓடி வந்து தடுப்பாய், கொஞ்ச நாள் போகட்டும் என்பாய், நானும் சரி என்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இது உன் கைக்கு வரும்போது நான் அந்த அம்மாவின் வாசலில் நின்று, குற்றாலத்துக் கடை என்னுடையதுதான் என்று சொல்லியிருப்பேன்.

அப்பா